செம்பனைத் தோட்டம் போடும் மைன்கிராஃப்ட் வகுப்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட் என்ற, பிளாக் அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சில ஆண்டுகளாகக் கணிதம் சொல்லித் தருகிறேன். பாடத்துக்கென்றே செய்த விளையாட்டுகள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். இதை வீட்டிலேயே ஆடிப் பழகியிருப்பதால் நேராகக் கணக்குக்குப் போய்விடலாம்.

ஒரு பிளாக் என்றால் நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு மீட்டர். 100க்கு 100 பிளாக் போட்டால் ஒரு ஹெக்டர். அதில் செம்பனை, அதாவது பாமாயில் மரம், நடச் சொல்வேன். ஓரத்தில் நான்கு பிளாக் விட்டு, மரத்துக்கு மரம் 9 மீட்டர் வைத்துச் சதுரமாக நட்டால் 121 மரம். நம் தோட்டங்களில் நடுவதோ முக்கோணமாக, அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பாதி இடைவெளி நகர்த்தி. அப்படி நட்டால் வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர் போதும். பிளாக்கை வெட்ட முடியாதே, அதனால் 8. இப்போது வரிசைக்கு 11 வீதம் 12 வரிசை, 132 மரம்! நகர்த்திய வரிசைகளில் கடைசி மரம் மட்டும் ஓரத்தை ஒட்டி வரும். அதே நிலத்தில் 11 மரம் எப்படிக் கூடியது என்று அவர்களே கோடு போட்டுப் பார்க்கிறார்கள். பெரிய தோட்டத்தில் ஓர இழப்பு குறைவு, ஹெக்டருக்கு 143 வரை வரும் என்றால் அடுத்த விவாதம் கிளம்பும். குலை வெட்டும் அப்பாவிடம் கேட்டு வந்து என்னைத் திருத்துகிற பிள்ளைகளும் உண்டு. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அறிவியலுக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். விளையாட்டில் கம்பிபோல் பயன்படும் ரெட்ஸ்டோன் தூளை, ஒரு சுவிட்சிலிருந்து விளக்குவரை ஒற்றைக் கோடாகப் போட்டு, சுவிட்சைப் போட்டாலே விளக்கு எரியும். உண்மையான மின்சுற்று மூடியிருக்க வேண்டும். ஆகவே முதலில் மின்கலம், பல்பு, கம்பி. ரெட்ஸ்டோன் அப்புறம்தான். 'இதில் என்ன குறைகிறது?' என்று கேட்டால் நல்ல பதில்கள் வரும்.

2016இல் வந்த கல்விப் பதிப்பில், எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று ஆசிரியரே எல்லை வைக்கலாம். வகுப்பு சிதறாமல் இருக்க இது மிகவும் உதவுகிறது. ஆனால் ஒவ்வொருவரும் பள்ளிக் கணக்கில் நுழைய வேண்டும். இணைய லைன் மெதுவாக இருக்கும் நாளில் பாதிப் பாடநேரம் அதிலேயே போய்விடும்.

பழைய கணினிகள்தான் இருக்கின்றன என்றால், மைன்கிராஃப்ட் போலவே பிளாக் வைத்துக் கட்டும் லுவாண்டியைப் பாருங்கள். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது, இலவசம். ஒரு கணினியைச் சர்வராக வைத்து, இணையமே இல்லாமல் மற்றவற்றை இணைக்கலாம். பாடங்களை நாமே தயாரிக்க வேண்டும் என்பதுதான் சிரமம். செம்பனைப் பாடத்துக்குத் தட்டையான நிலம் போதும், அதிலிருந்தே தொடங்கலாம்.