சொல்லா, குறியீடா, மேற்கோளா? எரிவாயுக் காப்புரிமைகளைத் தேட எது நல்ல வழி

இயற்கை எரிவாயுச் சுத்திகரிப்பில் யார் என்ன புதிதாகச் செய்கிறார்கள் என்று பார்க்க, நான் முதலில் திறப்பது காப்புரிமை ஆவணங்களைத்தான். குழாய் எங்கே பிரிகிறது, எந்த அழுத்தம், எந்த வெப்பநிலை என்று படம் போட்டு எழுதியிருப்பார்கள். எப்படித் தேடுவது என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

கூகுள் பேட்டன்ட்ஸில் 'நேச்சுரல் கேஸ்' என்று அடித்தால் கார் எஞ்சின், பாய்லர், டர்பைன் எல்லாம் வந்து குவியும். தலைப்பை நம்பித் தேடினால் வேண்டியதே தப்பிவிடும். ஈத்தேன் பிரிக்கும் ஆலைகளில் பேர்போன ஜிஎஸ்பி (வாயுவின் ஒரு பகுதியை மிகவும் குளிர்வித்துப் பிரிக்கும்) முறைக்கு ஆர்ட்லாஃப் நிறுவனம் 1979-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையை எடுங்கள். எண் 4,157,904. தலைப்பு வெறும் 'ஹைட்ரோகார்பன் கேஸ் பிராசஸிங்'. பின்னாளில் அதே தலைப்பிலேயே இன்னும் பல வாங்கினார்கள்! படத்தை விரித்து, குளிர்ந்த திரவம் கோபுரத்தின் எந்தத் தட்டில் நுழைகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ஒவ்வொரு காப்புரிமைக்கும் அதன் துறையைக் காட்ட ஒரு வகைப்பாட்டுக் குறியீடு தருவார்கள்; அதை வைத்துத் தேடினால் இந்தத் தொல்லை குறைவு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமான எஸ்பேஸ்நெட்டில் சி10எல் 3/10 என்று கொடுத்தால் எரிவாயுவைச் சுத்தம் செய்யும் முறைகள் வரும். குளிர்வித்துப் பிரிப்பதற்கு எஃப்25ஜே 3. சீன, ரஷ்ய, ஜப்பானிய ஆவணங்களும் அகப்படும், மொழி தடையில்லை. ஒரே சிக்கல், உறிஞ்சு திரவங்களுக்கான பி01டி 53/14-இல் அனல்மின் நிலையப் புகையும் கலந்து கிடக்கும், இரண்டிலும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச அமீன் என்ற வேதிப்பொருள்தான் மருந்து என்பதால். சி10எல் 3/10-ஐயும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் வடிகட்டிவிடும்.

ஒரு முறை எதிலிருந்து வந்தது, அதிலிருந்து எவை வந்தன என்ற வம்சாவளி வேண்டுமென்றால், ஒரு காப்புரிமை மற்றொன்றைக் காட்டும் மேற்கோள்களைப் பிடித்துப் போக வேண்டும். அமீன் முறைக்கு மூலம் பாட்டம்ஸ் என்பவர் 1930-இல் பெற்ற காப்புரிமை. அமெரிக்க ஆவணங்களில் மேற்கோள் பட்டியல் அச்சாகத் தொடங்கியது 1947-இல். அதனால் பாட்டம்ஸின் வாரிசுகள் தெரிவார்கள், முன்னோர் தெரியமாட்டார்கள். நேற்று வெளியானதை யாரும் இன்னும் மேற்கோள் காட்டியிருக்கவும் மாட்டார்கள். விண்ணப்பமே பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வருகிறது.

என் தேர்வு குறியீடுதான். அதில் சிக்கியவற்றை மேற்கோள் வழியே விரிப்பேன். சொல் கடைசியில், சலித்தெடுக்க.

காப்புரிமைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்; காப்புரிமை கிடைத்ததெல்லாம் உடனே ஆலையாகிவிடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடை உறையவைத்துப் பிரிக்கும் எக்ஸான் முறைக்குக் காப்புரிமை 1985-இல் கிடைத்தது; வயோமிங்கின் ஷூட் கிரீக்கில் பெரிய செயல்விளக்க ஆலை ஓட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரு காப்புரிமை இன்னும் உயிரோடிருக்கிறதா என்று அறிய, அமெரிக்கக் காப்புரிமை என்றால் 3.5, 7.5, 11.5 ஆண்டுகளில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.