பாளையங்கோட்டையிலிருந்து புனேவுக்கு: வீட்டுச் சாமான் ஏற்றிய செலவு

பாளையங்கோட்டையில் தனியாக இருந்த அம்மாவைப் புனேயில் தங்கை வீட்டுக்கு அருகே குடிவைப்பதற்காகவே இம்முறை கனடாவிலிருந்து வந்திருந்தேன். அங்கே தொலைதூரத்துக்குச் சாமான் அனுப்பினால் பெரும்பாலும் எடை போட்டுக் கட்டணம் வாங்குவார்கள். இங்கோ சாமான் ஏற்றும் நிறுவனத்தின் சூப்பர்வைசர் ஒருவர் அறை அறையாக வந்து பார்த்துவிட்டுக் கண்ணளவிலேயே விலை சொல்கிறார். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு 34,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய் வரை கேட்டார்கள்.

"தனி வண்டின்னா ஒரு ரேட்டு, பார்ட் லோடுன்னா ஒரு ரேட்டு, அண்ணாச்சி" என்று ஒருவர் விளக்கியபோதுதான் இந்த இடைவெளி புரிந்தது. பார்ட் லோடு என்றால் நம் சாமான் பிறர் சாமானோடு ஏறி, வழியில் ஏதாவதொரு கிடங்கில் இறங்கி, வேறு லாரிக்கு மாறும். நாளும் கூடும், கீறலும் கூடும். தனி வண்டியிலோ, லாரி திரும்பும்போது லோடு கிடைக்காமல் போகலாம் என்பதற்கான தொகையையும் நம் தலையிலேயே வைத்துவிடுகிறார்கள். அம்மாவின் பீரோவையும் கிரைண்டரையும் எண்ணி 52,000 ரூபாய்க்குத் தனி வண்டியே பேசினோம்.

அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., நாங்கள் குறித்த இரண்டு லட்ச ரூபாய் மதிப்புக்கு 3 சதவீத இன்சூரன்ஸ், புனே குடியிருப்புச் சங்கம் புதிதாகக் குடிவருவதற்கென வாங்கிய பணம் எல்லாம் சேர்ந்து 70,000 ரூபாயைத் தாண்டியது. பில் வேண்டாம் என்றால் வரியைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பில் இல்லாமல் இன்சூரன்ஸை எதைக் காட்டிக் கேட்பது? சரக்கு கொண்டுபோவதற்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் என்ற சீட்டுக்கென்றும் ஒரு தொகை எழுதியிருந்தார்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே இருப்பதை எடுத்துச் சொன்னதும் அந்தத் தொகையைப் பேசாமல் அடித்துவிட்டார்கள். கேஸ் சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள் என்பதால், அதை ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெற்றோம்.

நான் வாக்குவாதம் செய்தது சாமான் பட்டியலுக்காகத்தான். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் என ஒவ்வொன்றுக்கும் எதிரே, பார்க்காமலேயே "கீறல் உள்ளது" என்று எழுதிக்கொண்டே போனார் பட்டியல் எழுதியவர். அதில் கையெழுத்திட்டால் பின்னால் எந்தச் சேதத்துக்கும் வாய் திறக்க முடியாது. கீறல் இல்லாதவற்றில் அந்தச் சொல்லை அடிக்கவைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டேன். சாமானை இறக்குவதற்கு முன்பே மொத்தத் தொகையையும் கேட்பதுதான் அவர்கள் வழக்கம். பேசிப் பேசி, சாமானை இறக்கிய பின் பத்தில் ஒரு பங்கைத் தருவதாக எழுதி வாங்கியிருந்தோம். புனேயில் பீரோவின் கதவு நசுங்கி வந்தபோது, கதவு சரிசெய்யும் கூலியை அந்தப் பாக்கியிலேயே கழித்துக்கொண்டோம்.