மழைநீர்த் தொட்டியைக் குடிநீர்க் குழாயோடு இணைக்க யாருக்கு உரிமம்? மூன்று சட்டங்களின் ஒப்பீடு

கூரையிலிருந்து இறங்கும் நீரைத் தொட்டியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுவதற்குப் பெரிய தேர்ச்சி எதுவும் வேண்டியதில்லை. அதே தொட்டியில் பம்ப் வைத்து, கழிப்பறைக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் குழாய் இழுத்து, தொட்டி வற்றும் நாளில் பொதுக் குடிநீர்க் குழாயிலிருந்து நீர் வந்து சேரும்படி இணைக்கும்போது வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. தெருவில் பிரதான குழாய் உடைந்தோ, தீயணைப்புக்காக ஒரேயடியாக நீர் எடுக்கப்பட்டோ அழுத்தம் விழுந்தால், பம்பின் அழுத்தம் மேலோங்கிப் பறவை எச்சம் கலந்த கூரைநீரைக் குடிநீர்க் குழாய்க்குள் தள்ளிவிடலாம். அப்போது பாதிப்பு அந்த ஒரு வீட்டோடு நிற்காது. இந்த இணைப்பைச் செய்யத் தகுதியுள்ளவர் யார் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலமும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும், இங்கிலாந்தும் மூன்று வேறு விடைகளைத் தந்திருக்கின்றன.

டெக்சஸின் விடை மிகவும் குறிப்பானது. பொது நீர் விநியோகத்தோடு இணைக்கப்பட்டு, குடிக்கும் பயன்பாட்டுக்கும் உரிய மழைநீர் அமைப்பை நிறுவுபவரும் பராமரிப்பவரும் மாநில பிளம்பிங் வாரியத்தின் உரிமம் பெற்ற தலைமை பிளம்பராகவோ தேர்ச்சி பெற்ற பிளம்பராகவோ இருந்தால் மட்டும் போதாது. 'நீர் வழங்கல் பாதுகாப்பு வல்லுநர்' என்ற கூடுதல் தகுதியையும் அதே வாரியத்திடம் பெற்றிருக்க வேண்டும் என்று அம்மாநிலத்தின் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இந்தக் கூடுதல் தகுதி மழைநீருக்கென்று மட்டும் உண்டாக்கப்பட்டதன்று. ஒரு கட்டடத்தின் குழாய்களைச் சோதித்து, குடிநீரும் மற்ற நீரும் எங்கேனும் கலக்க வழியுள்ளதா என்று பார்ப்பவருக்கு உரிய தகுதி அது. கலப்பைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கே கலக்கக்கூடிய இடத்தில் வேலை செய்ய அனுமதி என்னும் இந்த ஏற்பாடு, மூன்றிலும் அறிவார்ந்தது என்பது என் கருத்து. ஆனால் இந்தப் பிரிவு பொது விநியோகத்தோடு இணைந்த அமைப்புகளைப் பற்றியே பேசுகிறது. பொதுக் குழாய் எட்டாத ஊர்ப்புறங்களில் மழைநீரை மட்டுமே குடித்து வாழும் குடும்பங்கள் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அண்டை வீட்டாருக்கு வரும் ஆபத்தைத்தான் இந்தப் பிரிவு அளக்கிறது. தொட்டிக்காரருக்கே வரும் ஆபத்தை அளக்கவில்லை.

விக்டோரியா மழைநீருக்கென்று தனித் தகுதி எதையும் வைக்கவில்லை; குழாய்த் தொழிலையே வகை வகையாகப் பிரித்து, வகைதோறும் உரிமம் தருகிறது. கூரைத் தகடு, நீர்த்தாரை, இறங்குகுழாய் ஆகியவை கூரை மழைநீர் வகையைச் சேர்ந்தவை. தொட்டியிலிருந்து கழிப்பறைக்குச் செல்லும் குழாயும் பொதுக் குழாயோடு சேரும் இணைப்பும் நீர் வழங்கல் வகையைச் சேர்ந்தவை. எனவே ஒரே தொட்டிக்கு இரண்டு பேர் வர நேரலாம். இரண்டு வகையிலும் உரிமம் உள்ளவர் கிடைத்தால் தொல்லை இல்லை. பதிவு பெற்றவர், உரிமம் பெற்றவர் என்று இரு படிகளும் உண்டு. பதிவு மட்டும் உள்ளவர் வேலை செய்யலாம் என்றாலும், விதிப்படி முடிந்தது என்று சான்றிதழில் கையெழுத்திடும் உரிமை உரிமம் பெற்றவருக்கே இருக்கிறது. வேலையின் மதிப்பு 750 ஆஸ்திரேலிய டாலரை எட்டினால் இந்தச் சான்றிதழ் கட்டாயமாகும். சான்றளிக்கப்பட்ட வேலைக்கு 6 ஆண்டுக் காப்பீட்டுப் பாதுகாப்பும் உண்டு. பழைய வீட்டை வாங்குபவருக்கு இந்தத் தாளின் அருமை புரியும்: தொட்டியின் பின்புறம் ஓடும் குழாய்கள் எங்கே போகின்றன என்று தெரியாமல் விழிக்கும்போது, யார் செய்தார், எப்போது செய்தார் என்று கேட்பதற்கேனும் ஒரு பெயர் இருக்கும்.

இங்கிலாந்தில் பிளம்பராகத் தொழில் செய்யச் சட்டப்படி உரிமமே தேவையில்லை. குழாய், வால்வு போன்றவற்றுக்கான 1999ஆம் ஆண்டின் நீர்ப் பொருத்துகருவி விதிகள் ஆளைக் கட்டுப்படுத்தாமல் வேலையைக் கட்டுப்படுத்துகின்றன. பட்டியலிடப்பட்ட வேலைகளைத் தொடங்கும் முன் நீர் நிறுவனத்துக்கு அறிவிப்புத் தர வேண்டும். 10 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்ததாரரை அமர்த்தி அவரிடம் சான்றிதழ் பெற்றால், பிற்பாடு விதிமீறல் வழக்கு வரும்போது வீட்டு உரிமையாளருக்கு அதுவே தற்காப்பாக அமையும். ஆளை விட்டுவிட்ட இந்த விதிகள், தொழில்நுட்பத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. நீரை ஆபத்தின் அளவுப்படி ஐந்து வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கூரைநீர் பொதுவாக மிக ஆபத்தான ஐந்தாம் வகையாகவே கொள்ளப்படுகிறது. அதற்கெதிராகச் நீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் சாதாரண வால்வை நம்ப முடியாது, ஏனெனில் இலைத்துணுக்கு ஒன்று வால்வின் வாயில் சிக்கினாலே அது முழுதாக மூடாது. ஆகவே குடிநீர்க் குழாயின் வாய்க்கும் தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் நடுவே வெறும் காற்று நிற்க வேண்டும். அந்த இடைவெளி குழாயின் உள்விட்டத்தைப் போல் இரு மடங்கு, அல்லது 20 மில்லிமீட்டர், இவற்றில் எது பெரிதோ அந்த அளவு இருக்க வேண்டும். குறைந்த அளவான 20 மில்லிமீட்டர் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம்தான். தொட்டியின் மூடியைத் திறந்து கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மூன்றையும் எடைபோட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது. பொதுக் குழாயின் வால்வை மூடி, மழைநீர் பம்பை ஓடவிட்டு, சமையலறைக் குழாயைத் திறக்க வேண்டும். குழாயில் தேங்கிய நீர் வடிந்த பின்னும் ஓட்டம் நிற்கவில்லை என்றால் எங்கோ கலப்பு இருக்கிறது. சில நிமிட வேலைதான். இதை யாரேனும் கட்டாயம் செய்துபார்ப்பார் என்ற உறுதி எந்த முறையில் அதிகம்? டெக்சஸில் அது அந்த வல்லுநரின் அன்றாடத் தொழிலோடு ஒட்டியது. விக்டோரியாவில் கையெழுத்தின் பொறுப்பு உரிமம் பெற்றவரைச் செய்யத் தூண்டும். இங்கிலாந்தில் நல்ல ஒப்பந்ததாரர் செய்வார். அறிவிப்பே தராமல் வேலையை முடித்துச் சென்றவரை யார் தேடுவது என்பதற்குத்தான் விடை இல்லை.

அமெரிக்க மழைநீர் அமைப்புகள் சங்கம் போன்றவை அளிக்கும் தொழில்முறை அங்கீகாரத்தை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது விருப்பத்தின்பேரில் பெறுவது. உரிமம் கேட்கும் இடத்தில் அதை நீட்டிக் குடிநீர்க் குழாயைத் தொட முடியாது. ஆயினும் கூரைப் பரப்புக்கு ஏற்ற தொட்டியின் அளவு, முதல் மழையின் அழுக்குநீரை ஒதுக்கும் முறை, தொட்டியின் அடிமண்டியைக் கலக்காமல் நீரை உள்ளே விடும் வளைவு ஆகியவற்றைப் பொதுவான பிளம்பர் உரிமத்தைக் காட்டிலும் அந்தப் பயிற்சியே விரிவாகக் கற்பிக்கிறது. ஆகவே வடிவமைப்பை அந்த அங்கீகாரம் பெற்றவரிடமும் இணைப்பை உரிமம் பெற்ற பிளம்பரிடமும் கொடுப்பதில் செலவு சற்றுக் கூடினாலும் தவறில்லை.