"நல்லா கேக்குதுல்லண்ணா!": பொலிரோ கூரையில் ஓட்டை வாங்கிய கதை

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். சேலத்தில் சீட் கவர், ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக் எல்லாம் போட்டுத் தரும் ஒரு கடையின் ஸ்டேட்டஸ். "வயர்லெஸ் ஆன்டெனா ஃபிட்டிங் செய்து தரப்படும்" என்று எழுதி, கீழே ஒரு வெள்ளை பொலிரோ. நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டார்கள். ஆனால் பின் பம்பரின் இடது ஓரத்தில் இருக்கும் நசுங்கல் எனக்குத் தெரியாதா? என் வண்டிதான். அந்தப் படத்தை நம்பி இன்னொருவர் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது, அதனால் எழுதுகிறேன். கடைப் பெயர் போடவில்லை.

நான் லைசென்ஸ் வாங்கிய ஹாம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவன். வண்டியில் 25 வாட் வி.எச்.எஃப். (அதிக அதிர்வெண்) வயர்லெஸ் செட் ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் காந்தத்தில் நிற்கும் ஆன்டெனாதான் இருந்தது. ஏற்காட்டில் மச்சானின் காபித் தோட்டம் நாகலூர் தாண்டி இருக்கிறது. அந்தத் தோட்டப் பாதையில் தாழ்ந்து தொங்கும் கிளை இரண்டு முறை ஆன்டெனாவைத் தட்டிவிட்டது. இரண்டாவது முறை காந்தம் கூரையில் ஒரு கோடும் இழுத்துவிட்டுப் போனது. சரி, ஒரேயடியாகக் கூரையில் ஓட்டை போட்டு மவுண்ட் (ஆன்டெனாவைத் திருகி நிறுத்தும் தாங்கி) வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மவுண்ட், கேபிள், ஆன்டெனா எல்லாம் நானே வாங்கி வைத்திருந்தேன். வேலை மட்டும்தான் அவர்களுடையது. கூலி 3,500 ரூபாய்.

"இதெல்லாம் நமக்கு ஜுஜுபிண்ணா, தினம் நாலு வண்டிக்குப் போடறோம்" என்றான் கடைப் பையன். அவன் போடுவது கார் ரேடியோ ஆன்டெனா என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதற்கும் இதற்கும் இருக்கும் தூரம், மலை அடிவாரத்துக்கும் உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் இருக்கும் தூரம்.

எனக்கு அன்று அஸ்தம்பட்டியில் ஒரு வேலை. "சாயங்காலம் வாங்கண்ணா" என்றார்கள், போய்விட்டேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, கூரையும் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பையன் செட்டைப் போட்டான். யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்தது கணீரென்று கேட்டது. "நல்லா கேக்குதுல்லண்ணா!" கேட்டது உண்மை. நானும் தலையாட்டிவிட்டு ஜிபேயில் பணம் போட்டேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் சேரும், உங்களுக்கு எதுக்குண்ணா" என்றார் முதலாளி. அதற்கும் தலையாட்டினேன். போகிற போக்கில் இரண்டு சைனா வாக்கி டாக்கி செட்டையும் என் தலையில் கட்டப் பார்த்தார். "லைசென்ஸே வேண்டாம்." சும்மா சொல்கிறார். 2018 விதிப்படி லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த முடிவது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் குறைந்த சக்தியில். அவர் காட்டிய செட்டில் எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். அது வேறு வம்பு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கேட்பதற்கு எந்தக் கம்பியும் போதும். பக்கத்தில் இருக்கும் வலுவான சிக்னல் துணி காயப்போடும் கம்பியில்கூட விழும். நாம் பேசும்போதுதான் ஆன்டெனாவின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். அந்தக் கடையில் பேசிப் பார்க்க யாருக்கும் தெரியாது, அளந்து பார்க்க மீட்டரும் கிடையாது.

அடுத்த வாரம் மலையேறினேன். ஐப்பசி மழை. பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் கழுத்தில் சொட்டென்று ஒன்று விழுந்தது. அப்புறம் வரிசையாக. கூரையின் உள்பக்கத் துணியான மேல் லைனிங் ஊறி, கண் முன்னாலேயே தொப்பை போல இறங்கியது. மனைவி துண்டை மடித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பரவாயில்லை. செட்டில் பேசினால், எப்போதும் தெளிவாகப் பதில் தரும் நண்பர், "ஓ.எம்., நீங்க பேசறது பாதிதான் வருது, கூடவே உய்ய்ங்னு சத்தம்" என்கிறார். (ஓ.எம். என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் செல்லப் பெயர்.) ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த அந்த உய்ய்ங் கூடியதாம்.

சேலத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டினார். அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி அது; முள் 1-ஐ ஒட்டி நின்றால் நல்லது. முள் 3-ஐத் தாண்டியது. 3 என்றாலே, நாம் அனுப்புவதில் கால் பங்கு அப்படியே திரும்பி வருகிறது என்று கணக்கு. "செட்டு தானே சக்தியைக் குறைச்சுக்கிட்டதால தப்பிச்சுது தம்பி" என்றார். பிறகு மேல் லைனிங்கை இறக்கினோம்.

என் மவுண்டுக்கு வேண்டியது 19 மில்லிமீட்டர் ஓட்டை. ஹோல் சா என்ற வட்ட ரம்பம் வைத்து ஒரே சுற்றில் சுத்தமாக வெட்ட வேண்டும். இவர்கள் சாதாரண டிரில்லில் சிறிய ஓட்டை போட்டு, அரத்தால் ராவிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் 22 மில்லி, முட்டை வடிவம். அதை மறைக்க மேலும் கீழும் சிலிக்கான் அப்பல். அப்பிய சிலிக்கான் மேடு பள்ளமாக நின்றதால் ரப்பர் வளையம் கூரையில் படியவே இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர்.

அதைவிட மோசம் அடியில். என்னுடையது கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு உயரம்; கம்பி அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி கூரைத் தகடு. மவுண்டின் அடித்தட்டில் இருக்கும் பற்கள், பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டைக் கடித்துப் பிடித்தால்தான் இரண்டும் சேரும். இங்கே பெயின்ட்டையும் சுரண்டவில்லை, நடுவில் சிலிக்கான் மெத்தை வேறு. பல் கடித்தது மெத்தையை.

கேபிளை இழுத்துப் பார்த்தால் பாதி வழியில் இன்சுலேஷன் டேப். என் 50 ஓம் கேபிளை அளவு தெரியாமல் வெட்டிவிட்டு, நீளம் பத்தாமல், அதற்குப் பொருந்தாத, டிஷ் டிவிக்குப் போடும் 75 ஓம் கேபிளை முறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரியில் இருந்து நேராக எடுக்கச் சொன்ன கரண்ட்டை ஸ்டீரியோவின் மெல்லிய வயரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். உய்ய்ங் அங்கிருந்து. செட்டோடு வந்த ஃபியூஸ் டாஷ்போர்டில் கிடந்தது. வயர் சூடாகிப் பற்றியிருந்தால்? அதை நினைத்தால் இன்னமும் ஆத்திரம் வருகிறது.

கடைக்குப் போனேன். "மழையில போனா எந்த ஆன்டெனாவும் அப்படித்தான் சார். நீங்க கொண்டாந்த சாமான் சரியில்லை." அண்ணா சாராகிவிட்டேன்.

1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் பதிந்தேன். முதல் கேள்வியே பில் இருக்கா என்பதுதான். ஜிபே ரசீது, பழுதின் படங்கள், அவர்களோடு பேசிய வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன். பில்லும் இருந்திருந்தால் இவ்வளவு இழுக்காது.

ஓட்டையைச் சரிசெய்தது ஒரு டிங்கர் பட்டறை. வட்டத் தகடு ஒன்றை அடியில் வைத்துப் பற்றவைத்து, அதில் 19 மில்லி வெட்டி, துருப்பிடிக்காமல் ஓரத்துக்கு மட்டும் பிரைமர் அடித்தார். புது கேபிள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். இப்போது முள் 1.3-ல் நிற்கிறது. லைனிங்கில் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

மவுண்ட் போடப் போகிறவர்கள் ஓட்டை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். லைனிங்கை மூடுமுன் மல்டிமீட்டரின் ஒரு முனையை மவுண்டின் வெளி வளையத்திலும், இன்னொன்றைக் கதவின் போல்ட்டிலும் வையுங்கள். பீப் வர வேண்டும். கேபிளின் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே, ஆன்டெனாவைக் கழற்றிய நிலையில், பீப் வரவே கூடாது. பிறகு நீங்களே பேசி, மீட்டரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் கோரிமேடு பக்கம் என்றால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.