பழைய பைக்குக்கு பிரேக் வேலை பார்த்து மூணு வருஷம் ஓட்டின அனுபவம்

வேலை முடிச்ச கையோட எழுதியிருக்கலாம், ஆனா புதுசா மாட்டின எந்த பிரேக்கும் முதல் ரெண்டு மாசம் நல்லா தான் இருக்கும், மழையெல்லாம் பார்த்து ஒரு தடவையாவது பிரேக் ஆயில் மாத்துற வரைக்கும் ஓட்டிட்டு சொன்னா தான் அடுத்தவங்களுக்கு பிரயோஜனம்னு காத்திருந்தேன். இப்போ மூணு வருஷம், 22,000 கிலோமீட்டருக்கு மேல ஆச்சு.

வண்டி 1980கள்ல வந்தது. முன்னாடி ஒரே டிஸ்க், ஒத்தை பிஸ்டன் காலிப்பர் (ஆயில் பிரஷர்ல பிஸ்டன் நகர்ந்து ரெண்டு பேடால டிஸ்கை கவ்வுற பகுதி), பின்னாடி டிரம். கைக்கு வந்தப்போ லீவரை கிட்டத்தட்ட ஹேண்டில்பார் வரைக்கும் இழுத்தா தான் ஏதோ புடிக்கும், அதுவும் பஞ்சை அமுக்குற மாதிரி இருக்கும், லீவரை விட்டா வீல் ஃப்ரீயாவும் சுத்தாது. புடிக்கவும் மாட்டேங்குது, விடவும் மாட்டேங்குது. அந்த காலத்து பிரேக்னாலே இப்படி தான்னு கேட்டவங்க எல்லாம் சொன்னாங்க, நானும் நம்பிட்டு நேரா அப்கிரேட்ல எறங்கிட்டேன். அங்க தான் தப்பு பண்ணேன், முதல்ல சரி பண்ணணும், அப்புறம் தான் அப்கிரேட்.

முதல்ல வாங்குனது ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ், அதாவது லீவர்ல இருந்து காலிப்பருக்கு பிரேக் ஆயில் போற குழாய். பழைய ரப்பர் ஹோஸ் வெடிச்சு கெடந்துச்சு, அதை மாத்த வேண்டியது தான், அதுல சந்தேகமே இல்ல. லீவர் கொஞ்சம் கெட்டியாச்சு. ஆனா வண்டி நிக்கிற தூரம் கொறையல, வீல் ஒட்டிக்கிட்டு சுத்துறதும் நிக்கல. அதுக்கப்புறம் தான் காலிப்பரை கழட்டினேன்.

பிஸ்டன் வெளிய வர ஏர் கம்ப்ரஸர் அடிக்காதீங்க, தோட்டா மாதிரி பாயும், விரல் நடுவுல இருந்தா போச்சு. ஹோஸை கழட்டுறதுக்கு முன்னாடியே பேடை எடுத்துட்டு லீவரை மெதுவா பம்ப் பண்ணா அந்த ஆயில் பிரஷரே வெளிய தள்ளிடும். என் பிஸ்டன்ல குரோம் உரிஞ்சு குழி குழியா துரு. எமரி பேப்பர் போட்டு தேச்சு திரும்ப மாட்டலாம்னு சிலர் சொல்லுவாங்க, குழி விழுந்த பிஸ்டன் புது சீலை, அதாவது பிஸ்டனைச் சுத்தி ஆயில் கசியாம தடுக்குற ரப்பர் வளையத்தை, அறுத்துடும். ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் போட்டேன்.

ஆனா உண்மையான வில்லன் பிஸ்டன் இல்ல, சீல் உக்காரும் பள்ளம். டிஸ்க் பிரேக்ல பிஸ்டனை பின்னாடி இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. லீவரை புடிக்கும்போது அந்த சதுர சீல் லேசா முறுக்கிக்கும், விட்டதும் பழைய நிலைக்கு வரும், வரும்போது பிஸ்டனையும் சேத்து இழுத்துட்டு வந்துடும், அவ்ளோ தான் மொத்த டெக்னிக்கும். பள்ளத்துல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி அலுமினிய துரு கட்டியிருந்தா அது சீலை பின்னாடியிருந்து தள்ளி பிஸ்டனை இறுக்கிப் புடிச்சுக்கும். சீல் கிட் மட்டும் மாத்திட்டு பள்ளத்தை சுரண்டாம விட்டா புது சீலும் அதே மாதிரி இறுகும். வளைஞ்ச முனை ஊசியால, பள்ளத்துல கோடு விழாம சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழு சாயங்காலம் ஆச்சு. என்னைக் கேட்டா இந்த முழு வேலைல அந்த சாயங்காலத்துக்கு ஈடு வேற எதுவும் இல்ல.

காலிப்பர் நகருற ஸ்லைடு பின்னும் காஞ்சு போய் இறுகியிருந்துச்சு, ஒரு பேடு தேஞ்சு இன்னொன்னு புதுசா இருந்ததுக்கு அதான் காரணம். அதுக்கு சிலிக்கான் கிரீஸ் தான் போடணும், சாதா பேரிங் கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிடும்.

மாஸ்டர் சிலிண்டர்னா லீவரை இழுத்தா ஆயிலை தள்ளுற பம்ப், அதோட ஆயில் டப்பாவுக்கு அடியில ரெண்டு ஓட்டை இருக்கும், அதுல சின்னது ஊசி மொனை அளவு தான், நெறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. அது அடைஞ்சா சூடாகி விரியுற ஆயில் திரும்ப மேல வர வழியில்லாம ஓட ஓட பிரேக் தானா புடிச்சுக்கும். எனக்கும் பாதி அடைஞ்சிருந்துச்சு, மெல்லிசு கம்பி விட்டு எடுத்தேன்.

இவ்ளோ பண்ணி ஓட்டிப் பார்த்தப்பவே வேற வண்டி மாதிரி இருந்துச்சு. எனக்கு கெடச்ச முன்னேற்றத்துல முக்கால்வாசி இந்த ரிப்பேர்லயே வந்துடுச்சுன்னு தான் சொல்லுவேன்.

அதுக்கப்புறம் தான் நிஜ அப்கிரேட். 14 எம்எம் உள்விட்டம் இருந்த மாஸ்டர் சிலிண்டரை எடுத்துட்டு 12.7 எம்எம் போட்டேன். பெருசு போட்டா பவர் ஏறும்னு நெனப்போம், நேர்மாறு. பரப்பளவு கொறையறதால அதே கை அழுத்தத்துக்கு பிரஷர் சுமார் 21 சதவீதம் கூடுது, பதிலுக்கு லீவரும் அதே கணக்குல கூடுதலா உள்ள போகும். பழைய ஹோஸோட இதை பண்ணியிருந்தா லீவர் ஹேண்டில்பாரை தொட்டிருக்கும், பின்னல் ஹோஸ் அங்க தான் கை கொடுத்துச்சு. இப்போ ரெண்டு விரல் போதும்.

ஆயில்ல மாட்டின காத்துக் குமிழை எடுக்க மேலயிருந்து பம்ப் பண்ணி அலுத்துப் போய், சிரிஞ்ச்ல கீழ காலிப்பர் நிப்பிள் வழியா ஆயிலை மேல தள்ளினேன், குமிழ் தானா மேல ஏறிடுது. ராத்திரி லீவரை இழுத்துக் கட்டி வெச்சு காலைல பார்த்தா இன்னும் கொஞ்சம் கெட்டி.

ஆயில் டாட் 4 தான் (டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தர வகை). புதுசுல 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிட்டா 155 தான் கணக்கு, அதனால டப்பால நிறைய இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுறேன். டாட் 5 சிலிக்கான், அதை இதோட கலக்கவே கூடாது, 5.1 வேற, அது கலக்கலாம். பெயிண்ட்ல சிந்துனா துடைக்காதீங்க, உடனே தண்ணி ஊத்துங்க.

பேடு முதல்ல ஆர்கானிக் (நாரையும் பிசினையும் சேத்து செஞ்சது) போட்டேன், காஞ்ச ரோட்ல அருமை, மழைல முதல் ஒரு நொடி ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அந்த ஒரு நொடி பயம் ஒரு தடவை அனுபவிச்சா மறக்காது. சின்டர்டு, அதாவது உலோகத் தூளை சூடாக்கி இறுக்கின பேடு, மாத்தினதும் அது போச்சு. டிஸ்க் தேயும்னு பயமுறுத்துனாங்க, மைக்ரோமீட்டர் வெச்சு பார்த்துட்டே வர்றேன், 14,000 கிலோமீட்டர்ல 0.1 எம்எம் கூட கொறையல. உங்க டிஸ்க்ல குறைஞ்சபட்ச தடிமன் அச்சடிச்சிருக்கும், அதுக்கு கீழ போயிருந்தா டிஸ்கையே மாத்துங்க.

பின் டிரம்முக்கு புது ஷூ, அந்த ஷூவை விரிக்கிற கேமுக்கு கொஞ்சூண்டு கிரீஸ், பிரேக் முழுசா புடிக்கும்போது பிரேக் ராடுக்கும் அது இழுக்குற டிரம் ஆர்முக்கும் 90 டிகிரி வர்ற மாதிரி செட்டிங், அவ்ளோ தான்.

மூணு வருஷத்துல வந்த தொல்லைனா ரெண்டு. ஸ்லைடு பின் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு அப்புறமும் இறுகுது, வருஷம் ஒரு தடவை கழட்டி கிரீஸ் போட்டே ஆகணும். இன்னொண்ணு அந்த ஸ்டீல் பின்னல், எங்க ஒரசினாலும் அரம் மாதிரி அறுக்குது, மட்கார்டு பெயிண்ட் போய் தகரம் தெரிஞ்சப்புறம் தான் கவனிச்சேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஹோஸா வாங்கிக்கோங்க, ஃபோர்க் முழுசா அமுங்கி ஹேண்டில் ரெண்டு பக்கமும் திரும்பும்போது எங்கயாவது ஒரசுதான்னு மாட்டும்போதே பார்த்துடுங்க.