சிசிஐஇ லேப் தேர்வும் என் பழைய சர்வரும்: இரண்டரை வருட அனுபவம்

சிசிஐஇ என்பது சிஸ்கோ நிறுவனம் நெட்வொர்க் பொறியாளர்களுக்குத் தரும் உச்சநிலைச் சான்றிதழ். அதன் எண்டர்பிரைஸ் பிரிவின் லேப் (செய்முறை) தேர்வில் இரண்டாவது முயற்சியில்தான் தேறினேன். அதற்காக இரண்டரை வருடம் வீட்டில் ஓடிய ஒரு பழைய சர்வரையும், அதில் ஏற்றிய ஈவ்-என்ஜியையும் (ரவுட்டர், ஸ்விட்சுகளை மென்பொருளாக ஓடவிடும் கருவி) பற்றி எழுதுகிறேன். தேர்வில் என்ன வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் உள்ளே உட்காரவே முடியும்.

சிஸ்கோவின் பயிற்சி சிமுலேட்டரான பாக்கெட் ட்ரேசரை முதல் மாதமே மூட்டை கட்டிவிட்டேன். அடிப்படைச் சான்றிதழான சிசிஎன்ஏவுக்கு அருமையான கருவி, ஆனால் இங்கே தேவைப்படும் கமாண்டுகள் பல அதில் கிடையாது. ஈவ்-என்ஜி போன்ற இன்னொரு கருவியான ஜிஎன்எஸ்3 கொஞ்ச நாள் ஓடியது. ஈவ்-என்ஜிக்கு மாறியதற்குக் காரணம் சோம்பேறித்தனம்தான்: சர்வர் ஒரு மூலையில் கிடக்கும், எந்த லேப்டாப்பிலிருந்தும் பிரவுசரில் திறந்து வேலை பார்க்கலாம். இலவசப் பதிப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

ரேம்தான் தலைவலி. ஐஓஎல் என்ற இலகுவான மெய்நிகர் ரவுட்டர் சில நூறு எம்பியில் எழுந்துவிடும். சிஎஸ்ஆர் 1000வி என்ற கனமான மெய்நிகர் ரவுட்டர் ஒவ்வொன்றும் 3, 4 ஜிபி கேட்கும். என்னிடம் இருந்தது 64 ஜிபி. எஸ்டி-வான் (கிளைகளை இணைக்கும் நெட்வொர்க்கை மென்பொருளால் நடத்தும் முறை) கன்ட்ரோலர்களை எழுப்பவேண்டும் என்றால் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். இன்னொன்று, மெய்நிகர் ஸ்விட்சுகளை அப்படியே நம்பாதீர்கள். சில கமாண்டுகளை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒன்றும் நடக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கான்ஃபிக்கில் தப்பு தேடினேன். தப்பு அந்த ஸ்விட்சின் மென்பொருள் இமேஜில் இருந்தது.

முதல் வருடம் கிட்டத்தட்ட வீண். பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து டைப் அடிப்பது, பிங் (இணைப்பைச் சோதிக்கும் கமாண்ட்) போனதும் மூடிவைப்பது, இதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். லேபுக்கு முன் எழுதவேண்டிய 350-401 தேர்வு தேறிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் லேபில் உட்காரவேண்டும் என்ற கெடு வேறு பின்னாலேயே ஓடிவந்தது.

நிஜமாகக் கற்றது உடைக்க ஆரம்பித்த பிறகுதான். ஓடிக்கொண்டிருக்கும் லேபில் ஏதாவது மூன்றை மட்டும் கெடுத்துவைக்கும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். ராத்திரி ஓடவிட்டு, காலையில் கடிகாரம் வைத்துத் தேடுவேன். ஒருநாள், ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் ப்ரோட்டோகால், அண்டை ரவுட்டருடன் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றது. பிங் சுத்தமாகப் போகிறது, அண்டை ரவுட்டரின் ஹலோ பாக்கெட்டும் வருகிறது. ஒருபக்கம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500, மறுபக்கம் 1400 என்று கண்டுபிடிக்க 40 நிமிடம். இப்போது அந்த நிலையைப் பார்த்தாலே கை தானாக எம்டியுவைத் தேடிப்போகும்.

ஒரு ப்ரோட்டோகாலின் ரூட்டுகளை இன்னொன்றுக்குள் கடத்தும் ரீடிஸ்ட்ரிபியூஷன்தான் என்னை அதிகம் அழவைத்தது. இஐஜிஆர்பி என்ற இன்னொரு ப்ரோட்டோகாலுக்கும் ஓஎஸ்பிஎஃபுக்கும் நடுவே இரண்டு ரவுட்டர்கள், இரண்டிலும் இருபக்கமும் ரூட்டுகளைக் கடத்துகிறோம். இஐஜிஆர்பியில் எக்ஸ்டர்னலாக (வெளியிலிருந்து வந்ததாக) இருக்கும் ஒரு ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் (நம்பகத்தன்மை எண், சின்னதே வெல்லும்) 170. முதல் ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் தள்ளியதும், இரண்டாவது ரவுட்டருக்கு அதே ரூட் 110 என்று வந்து சேரும். 110 சின்னது, அதனால் நேர்வழியை விட்டுவிட்டு அது ஊரைச் சுற்றும், போதாக்குறைக்கு அந்த ரூட்டை மறுபடி இஐஜிஆர்பிக்குள்ளேயே கொண்டுபோய்க் கொட்டும். ரூட்டுக்கு டேக் (அடையாள எண்) போட்டுத் தடுக்கவேண்டும் என்று புத்தகத்தில் ஒரே வரியில் இருந்தது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் வட்டமடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது.

இவ்வளவு செய்தும் முதல் தடவை கோட்டை விட்டேன். தேர்வு 8 மணி நேரம். அதில் முதல் 3 மணி டிசைன் பகுதி: கைக்கு ரவுட்டரே கிடையாது, ஆவணங்களையும் வரைபடங்களையும் படித்து முடிவெடுக்கவேண்டும், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போகமுடியாது. கமாண்டில் வேகமாக இருந்த எனக்கு நிதானமாகப் படிக்க வரவில்லை. அடுத்த 5 மணி நேரக் கான்ஃபிக் பகுதிக்கு என் சர்வர் நன்றாகத் தயார் செய்திருந்தது. டிசைன் பகுதிக்குக் கொஞ்சம்கூட உதவவில்லை. வீட்டு லேபில் நான் கண்ட பெரிய குறை இதுதான்.

அடுத்த ஐந்து மாதமும், ஒவ்வொரு லேபைத் தொடங்கும் முன்பும் காகிதத்தில் ஒரு பக்கம் எழுதினேன்: ஏன் இந்த ப்ரோட்டோகால், ஏன் இந்த இடத்தில் சம்மரி (பல ரூட்டுகளை ஒன்றாகச் சுருக்குவது), எந்த லிங்க் விழுந்தால் யாருக்கு அடி. அதை முடிக்காமல் சர்வரை ஆன் செய்வதில்லை. இரண்டாம் முறை டிசைன் பகுதியில் 20 நிமிடம் மிச்சமிருந்தது.

சர்வர் இன்னும் ஓடுகிறது. அலுவலகத்தில் எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும் இங்கேதான் ஒத்திகை. ஃபேன் சத்தத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.