மினிபூல் நேட்டா, தனி நேட்டா: எங்கள் ரத்த வங்கி மாறிய கதை

கொடை ரத்தத்தில் தொற்று உள்ளதா என்று பார்க்கும் எலைசா பரிசோதனை எங்களிடம் முன்பே இருந்தது. அதனுடன் நியூக்ளிக் அமிலப் பரிசோதனையான நேட்டையும் சேர்ப்பது என்று எங்கள் ரத்த வங்கி முடிவு செய்தபோது, ஆறு கொடையாளர்களின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதிக்கும் மினிபூல் முறையை எடுப்பதா, ஒவ்வொருவருடையதையும் தனியே சோதிப்பதா என்பதே கேள்வியாக நின்றது. ஆறு மாதம் முதலாவதில் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறினோம். ஆகவே இந்த அலசல் முழு நடுநிலையானது அல்ல.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை செய்வது இந்தியாவில் கட்டாயம், நேட் கட்டாயமில்லை. எலைசா, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையோ வைரஸின் புரதத்தையோ தேடுகிறது. நேட், வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிறது. அதனால் தொற்று ஏற்பட்டும் பரிசோதனையில் தெரியாத சாளரக் காலம் சுருங்குகிறது. ஹெபடைட்டிஸ் சி-யில் எதிர்ப்பொருள் தெரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் இடத்தில், நேட் ஒரு வாரத்தையொட்டியே காட்டிவிடும். இதில் மினிபூலுக்கும் தனி நேட்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. செலவில் மினிபூலே மலிவு, ஏனெனில் ஆறு பேருக்கு ஒரு பங்கு ரியேஜென்ட் (சோதனை வேதிப்பொருள்) போதும்.

எங்களை மாற்றியது ஹெபடைட்டிஸ் பி. ஆறு மாதிரிகளைக் கலக்கும்போது ஒருவருடைய வைரஸ் ஆறில் ஒரு பங்காக நீர்த்துப்போகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட வைரஸ் இரண்டரை முறைக்குச் சற்று அதிகமாக இரட்டிப்பாக வேண்டும். எச்.ஐ.வி. ஒரு நாளுக்குள் இரட்டிப்பாவதால் அங்கே இழப்பு சுமார் இரண்டு நாள்தான். ஹெபடைட்டிஸ் சி இன்னும் வேகமானது. ஹெபடைட்டிஸ் பி-யோ இரட்டிப்பாக இரண்டரை நாள் எடுத்துக்கொள்கிறது. எனவே கலப்பதனால் மட்டும் சாளரக் காலம் ஏறக்குறைய ஒரு வாரம் நீள்கிறது. இதற்கு மேல், எலைசா தேடும் எச்.பி.எஸ். ஆன்டிஜென் (ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம்) தென்படாமலே மிகக் குறைந்த அளவில் வைரஸைச் சுமந்து திரியும் மறைந்த தொற்றாளர்களும் உண்டு. அவர்கள் கலவையில் நழுவிவிடுவது எளிது. 1999-இல் அமெரிக்காவில் நேட் தொடங்கியபோது 16, 24 எனப் பெரிய தொகுப்புகளாகவே சோதித்தார்கள் என்று சிலர் வாதிடுவார்கள்; ஆனால் ஹெபடைட்டிஸ் பி நம்மைவிட மிகக் குறைவாக உள்ள நாடு அது.

நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. டெங்கு பரவியிருந்த ஒரு மாதத்தில், மாலை ஆறு மணிக்கு ஒரு தொகுப்பு ரியாக்டிவ், அதாவது தொற்றின் அறிகுறி காட்டுகிறது என்று தகவல் வந்தது. ஐந்தே நாள் ஆயுளுள்ள தட்டணுப் பைகள் ஆறும் அவற்றை அசைத்துக்கொண்டே வைக்கும் அஜிடேட்டரில் ஆடிக்கொண்டிருக்க, கீழே நோயாளிகளின் உறவினர்கள் காத்திருந்தார்கள். மறுநாள் பிரித்துச் சோதித்ததில் ஆறுமே நான்-ரியாக்டிவ். முதல் முடிவு பொய்யா, கண்டறியும் எல்லையில் ஊசலாடும் அளவுக்கு எவரிடமேனும் வைரஸ் இருந்ததா என்று தீர்மானிக்க வழியில்லாததால், ஆறு பேருடைய பைகளையும் அழித்தோம். தனி நேட்டில் ஒரு பை சிக்கினால் அதோடு விஷயம் முடிந்தது.

இரண்டில் எதை எடுத்தாலும் எலைசாவைக் கைவிட முடியாது. எச்.ஐ.வி. வைரஸை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து உட்கொள்ளும் ஒருவர் அதை மறைத்து ரத்தம் கொடுத்தால், நேட் அவரைத் தவறவிடக்கூடும், எதிர்ப்பொருள் காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்தமாகக் கருவி நிறுவியவர்களின் பராமரிப்புச் சுமையைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. நாங்கள் நாளுக்கு முப்பது, நாற்பது மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வெளி மையத்துக்கு அனுப்புகிறவர்கள். மினிபூலில் எங்கள் அனுபவமும் ஆறு மாதம்தான். தினமும் நூற்றுக்கணக்கில் சேகரிக்கும் பெரிய வங்கிக்குக் கணக்கு வேறாக அமையலாம். அப்படி மினிபூலை எடுப்பவர்கள், ஹெபடைட்டிஸ் பி-க்குக் கருவியின் கண்டறியும் எல்லை தனி மாதிரியில் எவ்வளவு, ஆறு கலந்த பின் எவ்வளவு என்று இரு எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நல்லது.